வத்தல்மலையில் வசந்தம் எப்போ வரும்?

மார்ச் மாசம் பிறந்தாலே ஒரு வகை வீடியோ நம்ம ஃபோனுக்குள்ள வரிசை கட்டி வந்துடும். கலிஃபோர்னியா பக்கம் ஒரு வறண்ட மலைச்சரிவு. புல்லுகூட முளைக்காதுன்னு நினைக்கிற இடம். அது முழுக்க ஆரஞ்சு, மஞ்சள், ஊதான்னு பூ. நடுவுல ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு நடந்து போவார். கீழ கமெண்ட்ல நம்ம பசங்க யாராவது கேட்டிருப்பாங்க: "இந்த மாதிரி நம்ம ஊர்ல எங்க ப்ரோ இருக்கு?"

இந்த எபிசோட் அந்தக் கேள்விக்குத்தான். நம்ம ஊர்லயும் இருக்கு. ஆனா அது வேற கணக்குல பூக்குது. அந்தக் கணக்கு தெரியாம கிளம்பினா, ஒண்ணு பூவையே பார்க்காம திரும்பி வருவோம். இல்லன்னா போகக்கூடாத நேரத்துல போகக்கூடாத இடத்துல போய் நிப்போம்.

முதல்ல அந்தப் பாலைவனத்துல என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். அங்க பூக்கிறதுல பெரும்பாலானது சின்னச் சின்னச் செடிகள். அதோட விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்குல தூங்கிக்கிட்டு இருக்கும். குளிர்காலத்துல நல்ல மழை பெஞ்சா, எல்லாம் ஒண்ணா முளைக்கும், ஒண்ணா பூக்கும். சில வாரத்துல விதை போட்டுட்டு செத்துப் போகும். மழைதான் அங்க வசந்தத்தைக் கூட்டிட்டு வருது. சூத்திரம் ரொம்ப சிம்பிள்: மழை, அப்புறம் பூ.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தருமபுரி. சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவுல நெடுஞ்சாலையில போகும்போது ரெண்டு பக்கமும் பாறை பாறையா குன்று தெரியுமே, அந்த ஊர். கிழக்குத் தொடர்ச்சி மலையோட துண்டு துண்டான மலைகள் இங்க நிறைய. அதுல ஒண்ணு வத்தல்மலை. தருமபுரி டவுன்லேர்ந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வடக்குப் பக்கம். இருபதுக்கும் மேல கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா, கடல் மட்டத்துலேர்ந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துல மலைக் கிராமங்கள். கீழ டவுன்ல சட்டை நனையற அளவுக்கு வேர்க்கும்போது, மேல காத்து நல்லா இருக்கும்.

அங்க வாழறவங்க மலையாளி பழங்குடி மக்கள். பேரைக் கேட்டுட்டு கேரளாவோட முடிச்சுப் போட்டுடாதீங்க. மலையை ஆள்றவங்க, மலையில வாழறவங்க, அந்த அர்த்தத்துல வந்த பேரு. காஞ்சிபுரம் பக்கத்துலேர்ந்து மலையேறி வந்தவங்கன்னு அவங்களோட வாய்மொழிக் கதை சொல்லுது. சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலைன்னு இந்த வரிசை முழுக்க அவங்க இருக்காங்க. வத்தல்மலையில காபி, மிளகு, கடுகு, சிறுதானியம், பலான்னு அவங்களோட விவசாயம். ரோடு வந்து ரொம்ப வருஷம் ஆகல. அதுக்கு முன்னாடி சந்தைக்குப் போகணும்னாலும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாலும் நடைதான்.

சரி, பூ எங்கே?

பிப்ரவரி, மார்ச்ல நீங்க அடிவாரத்துல போய் நின்னா முதல்ல ஏமாற்றமாத்தான் இருக்கும். மரமெல்லாம் மொட்டை. தரையெல்லாம் சருகு. பாறையில கை வைக்க முடியாது. "இதுக்கா ப்ரோ இவ்வளவு தூரம் வந்தோம்"னு கூட வந்தவங்க கேப்பாங்க. அப்படியே தலையைத் தூக்கி எதிர்ச்சரிவைப் பாருங்க. ஒரு இலைகூட இல்லாத சாம்பல் கலர் மரத்துல கொத்துக் கொத்தா பளீர்னு மஞ்சள். அது கோங்கு. மஞ்சள் இலவுன்னும் சொல்லுவாங்க. பாறை இடுக்குல, வேற மரம் நிக்க யோசிக்கிற இடத்துல அது நிக்கும்.

இதுதான் நம்ம கணக்கு. அங்க மழை வந்தா பூக்குது. இங்க மழை நின்னு, மண்ணு காஞ்சு, இலை உதிர்ந்த பிறகு பூக்குது. தரையில இருக்கிற சின்னச் செடி மொத்தமா ஓய்ஞ்சு போன நேரத்துல, ஆழமா வேர் விட்ட மரங்கள் பூக்க ஆரம்பிக்குது. அதனால நம்ம ஊர்ல வசந்தத்தைத் தேடறவங்க குனிஞ்சு பார்க்கக்கூடாது, நிமிர்ந்து பார்க்கணும்.

ஏன் இப்படி? மூணு காரணம் சொல்லலாம். ஒண்ணு, இலை வழியாத்தான் மரத்தோட தண்ணி வெளிய போகுது. கோடையில இலையை உதிர்த்துட்டா அந்தச் செலவு மிச்சம். ரெண்டாவது, இலை இல்லன்னா பூ தூரத்துலேர்ந்தே தெரியும். வண்டும் பறவையும் தேடி அலைய வேண்டாம். மூணாவதுதான் முக்கியம். இப்போ பூத்தா, சித்திரை, வைகாசியில காய் வெடிச்சு விதை பரவும். அதுக்கப்புறம் மழை வரும்போது விதை மண்ணுல தயாரா இருக்கும். காயற காலத்துலயே மழைக்கான ஏற்பாடு நடந்துடுது.

இலவ மரத்தை எடுத்துக்கங்க. நம்ம காட்டு இலவு, உடம்பெல்லாம் முள்ளு இருக்குமே, அது. மாசி, பங்குனியில உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. அப்புறம் காய், காய்க்குள்ள பஞ்சு. காய் பழுக்கும்னு கிளி உக்காந்து காத்திருந்து, கடைசியில வெடிச்சு பஞ்சா பறந்துச்சாம். "இலவு காத்த கிளி"ன்னு பாட்டி திட்டுவாங்களே, அந்தக் கிளி காத்துக்கிட்டு இருந்த மரம் இதுதான். ஆனா அந்தக் கதையில ஒரு விஷயத்தை விட்டுட்டாங்க. பூக்கிற காலத்துல அந்த மரம் யாரையும் ஏமாத்தறதில்ல. காக்கா, மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி, அணில்னு மொத்த ஊரும் அங்கதான் இருக்கும். பூவுக்குள்ள தேன் தண்ணி மாதிரி நிறைஞ்சு நிக்கும். மத்த இடத்துல குட்டை காஞ்சு போன நேரத்துல அது ஒரு தண்ணிப்பந்தல்.

அடுத்து புரசு. பலாசுன்னும் சொல்லுவாங்க. மரமே தீப்பிடிச்ச மாதிரி ஆரஞ்சு. சென்னைக்காரங்களுக்கு இந்த மரம் பேரளவுல நல்லாவே தெரியும். புரசைவாக்கம்ங்கிற பேரு இந்தப் புரசுலேர்ந்து வந்ததுதான். அங்க இருக்கிற கங்காதீசுவரர் கோயில்ல தலமரமும் புரசுதான். அப்புறம் கல்யாண முருங்கை. சளி பிடிச்சா வீட்ல இதோட இலையைப் போட்டு அடை சுடுவாங்க. அதுவும் இதே காலத்துல சிவப்பா பூக்கும்.

கவனிச்சீங்களா, சிவப்பு, ஆரஞ்சு, சிவப்பு. தேனீக்கு சிவப்பு சரியா தெரியாது. பறவைக்கு நல்லா தெரியும். இந்த மரங்கள் பெரும்பாலும் பறவைக்காகப் பூக்குது. மஞ்சள் கோங்கு மட்டும் வேற ஆளைக் கூப்பிடுது. அதோட மகரந்தம் சின்னக் குழாய்க்குள்ள அடைச்சு வெச்ச மாதிரி இருக்கும், நுனியில ஒரு துளை. கருப்பா, குண்டா, ரீங்காரம் போட்டுக்கிட்டு வருமே ஒரு பெரிய வண்டு, அது பூவைப் பிடிச்சுக்கிட்டு உடம்பை அதிர வைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கற மாதிரி மகரந்தம் கொட்டும். உங்க மாடித்தோட்டத்துக் கத்திரிப் பூவுலயும் இதே வேலைதான் நடக்குது.

நம்ம பழைய ஆளுங்க இதையெல்லாம் பேரோட தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. கபிலர் எழுதின குறிஞ்சிப்பாட்டுல 99 பூக்களோட பட்டியல் வருது. கோங்கம், இலவம், கொன்றை, வேங்கை, காந்தள், ஆவிரை எல்லாம் அதுல இருக்கு. ஆவிரைன்னா வேற எதுவும் இல்ல, வத்தல்மலை அடிவாரத்துல கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவுல மஞ்சளா நிக்குமே ஆவாரம்பூ, அதுதான். இந்தத் தருமபுரிதான் சங்க காலத்துத் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியோட ஊர்.

இன்னொரு விஷயம். பாலைன்னு நாம சொல்ற நிலத்தைத் தனியா ஒரு மணல் பாலைவனமா நம்ம இலக்கியம் பார்க்கல. முல்லையும் குறிஞ்சியும், அதாவது காடும் மலையும், வெயில்ல காஞ்சு தன் இயல்பு மாறினா அதுதான் பாலைன்னு சிலப்பதிகாரம் சொல்லுது. அதுக்கான பெரும்பொழுது வேனில், கூடவே பின்பனி. பின்பனின்னா மாசி, பங்குனி. இளவேனில்னா சித்திரை, வைகாசி. வத்தல்மலை அடிவாரத்துல இந்த மாசங்கள்ல நிக்கும்போது நீங்க நிக்கிறது அந்தப் பாலையிலதான். மழை வந்தா அது திரும்பக் காடாயிடும். பாலைவனப் பூவைத் தேடி விமானம் ஏற வேண்டியதில்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

இப்போ மலை மேல போகலாம். மேல இன்னொரு பூ இருக்கு, நேரம் வாய்ச்சா மட்டும் பார்க்கக்கூடிய பூ. காபிப் பூ.

காபிச் செடி மொட்டு கட்டிட்டு அப்படியே நிறுத்திடும். அந்த மொட்டு கொஞ்ச காலம் வறட்சியைப் பார்க்கணும். அதுக்கப்புறம் ஒரு நல்ல மழை. மழை பெஞ்சு ஒரு வாரம், பத்து நாள்ல தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்துல வெள்ளையா பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை. ரெண்டு, மூணு நாள்தான். அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துடும். மார்ச், ஏப்ரல்ல பெய்யிற அந்த மழைக்குக் காபிக்காரங்க பூ மழைன்னே பேரு வெச்சிருக்காங்க. வறட்சி இல்லாம மழை மட்டும் விட்டு விட்டுப் பெஞ்சாலும் பூ ஒழுங்கா வராது. வறட்சி மட்டும் நீண்டு மழை வரலைன்னாலும் போச்சு. ரெண்டும் வரிசையா வரணும்.

இந்த இடத்துல ஃபோட்டோ எடுக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காபிப் பூன்னா ஒரு பழம். ஒரு பழத்துல வழக்கமா ரெண்டு கொட்டை. இன்னைக்குக் கிளையை வளைச்சு ரீல்ஸுக்காக உலுக்கினா, எட்டு, ஒன்பது மாசம் கழிச்சு ஒரு குடும்பம் பறிக்க வேண்டியதை நாம உதிர்த்துடறோம். அது பார்க் இல்ல, ஒருத்தரோட வருமானம். தோட்டத்துக்குள்ள போகணும்னா, "அண்ணா, கொஞ்சம் பூவைப் பார்த்துட்டு வரலாமா?"னு கேளுங்க. பெரும்பாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. காபிப்பொடியோ மிளகோ விக்கறாங்கன்னா கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. கடுகு பூத்திருக்கிற வயலுக்கும் இதேதான். வரப்புல நின்னு எடுங்க, உள்ள இறங்கி மிதிக்காதீங்க.

கூட்டம் சேர்ந்தா என்ன ஆகும்னு அந்தக் கலிஃபோர்னியாவே காட்டிடுச்சு. லேக் எல்சினோர்ங்கிற சின்ன ஊர்ல, வாக்கர் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம். 2019 மார்ச்ல அங்க கசகசாச் செடியோட உறவுக்காரப் பூ மலை முழுக்கப் பூத்தது. சோஷியல் மீடியாவுல பார்த்துட்டு ஆயிரக்கணக்குல ஜனம் குவிஞ்சுது. ரோடு அடைபட்டது, பூவை மிதிச்சு, படுத்து, பறிச்சு நாசம் பண்ணாங்க. 2023-ல திரும்பப் பூத்தப்போ ஊர் நிர்வாகம் பள்ளத்தாக்கையே மூடிடுச்சு. யாரும் வரக்கூடாதுன்னு.

இப்போ இந்த எபிசோடோட முக்கியமான பகுதிக்கு வரேன். கொஞ்சம் கவனமா கேளுங்க.

எந்த வறட்சி இந்த மரங்களைப் பூக்க வைக்குதோ, அதே வறட்சிதான் காட்டுத்தீயையும் கொண்டு வருது. உதிர்ந்த இலை எங்க போகும்? தரையில சருகாத்தான் கிடக்கும். ஆள் உயரப் புல்லு வைக்கோலா நிக்கும். பூ உச்சத்துல இருக்கிற வாரங்களும், தீ ஆபத்து உச்சத்துல இருக்கிற வாரங்களும் ஒண்ணுதான்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடி பக்கத்துல குரங்கணி. ஞாயித்துக்கிழமை. மலையேற்றத்துக்குப் போன குழு காட்டுத்தீயில மாட்டிக்கிச்சு. 23 பேர் இறந்து போனாங்க. பெரும்பாலும் உங்களையும் என்னையும் மாதிரி வேலைக்குப் போற இளவயசுக்காரங்க, வார இறுதியில கொஞ்சம் மூச்சு விடப் போனவங்க. அந்த மாசம் என்னன்னு மறந்துடாதீங்க: மார்ச்.

தீயைப் பத்தி ஒரு அடிப்படை விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும். சமதரையில ஓடற தீயை விட மேட்டுல ஏறற தீ வேகமானது. சூடும் ஜுவாலையும் மேல போய், மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வெச்சுடும். அதனால தீ கீழ இருக்கும்போது மேல ஓடித் தப்பிக்கலாம்னு நினைக்கிறது ரொம்பத் தப்பான கணக்கு. செங்குத்தான சரிவுல மனுஷன் மூச்சு வாங்குவான், தீ வாங்காது. இன்னொண்ணு, நம்ம காடுகள்ல தீ தானா பிடிக்கிறது ரொம்ப அபூர்வம். பீடி, சிகரெட், சமைச்சுட்டு அணைக்காம விட்ட அடுப்பு, வேணும்னே வெச்சதுன்னு பெரும்பாலும் மனுஷன் கைதான்.

குரங்கணிக்குப் பிறகு 2018-லயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் ஆரம்பிச்சது. 40 பாதைகள், ஆன்லைன்ல பதிவு, கூடவே உள்ளூர்ப் பழங்குடி மக்கள்லேர்ந்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். 2025-ல, திட்டத்தோட முதல் கோடையிலயே, பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் அதை நிறுத்தி வெச்சாங்க. காரணம் தீக்காலம். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையிறது 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். அது வேற. சட்டத்தை விடுங்க, காஞ்ச சருகு நடுவுல நிக்கிற உங்க உயிரு முக்கியம்.

"அப்போ பூ பூக்கிற நேரத்துல காட்டுக்குள்ள போகக்கூடாதுன்னா, இவ்வளவு நேரம் என்னத்துக்குப் பேசினீங்க?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

வத்தல்மலை இதுக்குத்தான் சரியான இடம். இங்க பூவைப் பார்க்க காட்டுக்குள்ள போகவே வேண்டாம். பூ மரத்து உச்சியில இருக்கு. மலைப்பாதையோ சரிவைச் சுத்திச் சுத்திப் போகுது. ஒரு வளைவுல நிமிர்ந்து பார்த்த அதே மரத்தை ரெண்டு வளைவு தாண்டி மேலேர்ந்து, அதோட கிளை மட்டத்துலயே பார்க்கலாம். காட்டுக்குள்ள நுழைஞ்சா தலைக்கு மேல நாலு கிளைதான் தெரியும். ரோட்டுல நின்னா எதிர்ச்சரிவு முழுக்கத் தெரியும். ஒரு பைனாகுலர் இருந்தா போதும், கோங்கு மரத்துல வண்டு வர்றதுகூடத் தெரியும்.

எப்படிப் போகலாம்? தருமபுரிக்கு ட்ரெயின் இருக்கு, பஸ் தாராளமா இருக்கு. அங்கேர்ந்து மலைக்குப் போற பஸ் நேரத்தை முதல் நாளே விசாரிச்சுக்கங்க. மேல வரைக்கும் பஸ்ல போயிட்டு, கிராமங்களுக்கு நடுவுல இருக்கிற ரோட்டுல நடங்க. காலையில ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள நிழலுக்கு வந்துடுங்க. பறவைங்களும் அதே நேரத்துலதான் பூவுக்கு வரும். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. தீப்பெட்டி, லைட்டர் வேண்டவே வேண்டாம். பாறையிலயோ பெரிய மரத்துலயோ மலைத்தேனீ கூடு தொங்கினா கிட்டப் போகாதீங்க, கல்லு விடாதீங்க. சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க. சரிவுல எங்கயாவது புகை தெரிஞ்சா, வீடியோ எடுக்கிறதை நிறுத்திட்டு ஊர்க்காரங்ககிட்டயோ வனத்துறைகிட்டயோ சொல்லுங்க, ரோட்டை விட்டு இறங்காதீங்க.

குனிஞ்சு பார்க்கிற பூக்கள்தான் வேணும்னா, மழை முடியற காலத்துக்குப் போங்க. செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும். பாறைக்குழியில தேங்கின கொஞ்சம் மண்ணுலயும் ஈரத்துலயும் விரல் நகம் அளவுக்குப் பூக்கள் வரும். வேலியில காந்தள் ஏறி சிவப்பும் மஞ்சளுமா பூத்திருக்கும், நம்ம மாநிலப் பூ. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வயல்கள்ல பேய் எள்ளு மஞ்சளா விரிஞ்சு கிடக்கும். காடு ஈரமா இருக்கிற அந்தக் காலம்தான் அனுமதியோட மலையேறவும் சரியான காலம். சித்திரையில போனா கொன்றையும் வெப்பாலையும். ஆக, நமக்கு ஒரு வசந்தம் இல்ல, தவணை முறையில நாலஞ்சு இருக்கு.

ஒரு எச்சரிக்கை. அழகா இருக்கிற எல்லாப் பூவும் நல்ல செய்தி இல்ல. ரோட்டோரமா ஆரஞ்சும் ரோஸும் மஞ்சளும் கலந்து குட்டிக் குட்டிக் கொத்தா வருஷம் முழுக்கப் பூக்குமே, உண்ணிச்செடி, அதை நிறைய பேர் காட்டுப்பூன்னு படம் போடறாங்க. அது அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வெள்ளைக்காரங்க தோட்டத்துக்குன்னு கொண்டு வந்தது. இப்போ காட்டுக்குள்ள புதரா மண்டி, நம்ம செடிங்களுக்கு இடமே விடாம வளர்ந்து நிக்குது. கோடையில அந்தப் புதர் காய்ஞ்சு, தரையில ஓடற தீயை மரக்கிளை வரைக்கும் ஏத்தி விடுது. மலையில பூவைப் பார்க்கும்போது "அழகா இருக்கு"ங்கிறதோட நிறுத்தாம, "இது யாரு, எந்த ஊரு"ன்னும் கேட்டுப் பழகணும்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துட்டு முடிச்சுக்கறேன். வத்தல்மலைக்கு எல்லாராலயும் இந்த மாசமே போக முடியாது. ஆனா உங்க தெருவுலயோ ஆபீஸ் வாசல்லயோ ஒரு மரம் இருக்கும். வேம்பு, புங்கன், கொன்றை, எதுவா இருந்தாலும் சரி. வாரம் ஒரு தடவை அதைப் பாருங்க. இலை எப்போ உதிருது, மொட்டு எப்போ வருது, முதல் பூ என்னைக்குன்னு தேதியோட எழுதுங்க. இந்தியா முழுக்க மக்கள் இப்படி எழுதி அனுப்பற குறிப்புகளை 'சீசன்வாட்ச்'னு ஒரு திட்டம் சேர்த்து வெக்குது, அதுலயும் பதியலாம். மழையும் வெயிலும் முறை மாறிக்கிட்டு இருக்கிற காலம் இது. எந்த மரம் எந்த வாரம் பூத்ததுன்னு இன்னைக்கு நாம குறிச்சு வெக்கலன்னா, இருபது வருஷம் கழிச்சு என்ன மாறுச்சுன்னு சொல்ல ஆளே இருக்க மாட்டாங்க.

உங்க மரத்தோட பேரையும், முதல் பூ பூத்த தேதியையும் எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். அது வரைக்கும், நிமிர்ந்து பாருங்க. வணக்கம்.